8.6 அதிர்ந்தும் 2012இல ஏன் சுனாமி வரல்ல? கல்லடித் தங்கச்சிட கேள்விக்கு விளக்கம்

ஓம், அடுத்த கேள்வி. மட்டக்களப்புக் கல்லடியில இருந்து ஒரு தங்கச்சி வொய்ஸ் மெசேஜ் போட்டிருக்கா. "சேர், 2012 ஏப்ரல்ல சுனாமி வருது எண்டு சொல்லி வீட்டப் போட்டுட்டு எல்லாரும் ஓடினம், ஒண்டும் வரல்ல, அப்ப அந்த வோர்னிங் பொய்யா? மற்றது, பூமிக்குள்ள முழுக்க நெருப்புக் குழம்புதானா, அது கொதிச்சுத்தான் நிலம் ஆடுதா?" ரெண்டும் தனித்தனிக் கேள்வி மாதிரி இருக்கும், ஆனா சேத்துத்தான் சொல்லணும்.

முதல்ல அந்தக் குழம்பு. பூமிட நடு வரைக்கும் 6371 கிலோமீட்டர், மனிசன் துளை போட்டுப் போன ஆகக் கூடின ஆழம் ரஷ்யாவில கோலா எண்ட இடத்தில 12 கிலோமீட்டரும் கொஞ்சமும்தான். அப்ப உள்ளுக்க இருக்கிறது எப்பிடித் தெரியும் எண்டா, பூமி அதிர்ச்சிதான் சொல்லித் தருது. ஒரு இடத்தில அதிர்ந்தா ரெண்டு வகை அலை பூமிக்குள்ளால போகும், பி அலை, எஸ் அலை. இந்த எஸ் அலை திரவத்துக்குள்ளால போகாது. ஆனா மேன்டில் எண்டுற படை முழுக்க, 2900 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும், அது தாராளமாப் போகுது, அப்ப அது குழம்பில்ல, பாறை. நல்ல சூடான பாறை, ஆனா திண்மம். அதுக்குக் கீழ போனா எஸ் அலை நிண்டிரும், அங்கதான் உருகின இரும்பு. அதுக்கும் உள்ளுக்க திரும்பத் திண்மமா ஒரு உருண்டை இருக்கு எண்டு 1936இல டென்மார்க் நாட்டு விஞ்ஞானி இங்கே லேமன் (Inge Lehmann) எண்ட அம்மா கண்டுபிடிச்சா, வரக்கூடாத இடத்தில பி அலை வந்து பதிஞ்சிருக்கிறதப் பாத்து. எனக்கு இப்பவும் பெரிய ஆச்சரியம் அது, பேப்பரில கீறின கோட்டப் பாத்து 5000 கிலோமீட்டருக்குக் கீழ இருக்கிறதச் சொல்லியிருக்கா.

அப்ப நிலம் ஏன் ஆடுது? பூமிட மேல் ஓடு பெரிய பெரிய பாறைத் துண்டுகளாத்தான் இருக்கு, அதுகளத்தான் தட்டு எண்டுறது, இந்தத் தட்டுகள் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நகருது, நகர்ற நேரம் விளிம்புகள் ஒண்டோடொண்டு இறுகிக் கிடக்கும், நூற்றுக்கணக்கான வருஷம் அழுத்தம் சேரும், தாங்க ஏலாத நேரம் வழுக்கும். அவ்வளவுதான். நாங்க இந்தியத் தட்டிட நடுவுக்க இருக்கிறம், விளிம்பு இருக்கிறது சுமாத்ரா, நிக்கோபார், அந்தமான் பக்கம்.

இனி 2004க்கு வாங்க. டிசம்பர் 26, ஞாயிறு, போயா. சுமாத்ராக்குப் பக்கத்தில அதிரக்குள்ள நம்மட மணிக்கூட்டில காலை 6.58, அப்ப இலங்கை நேரம் இப்ப இருக்கிறத விட அரை மணித்தியாலம் முன்னுக்கு. அளவு 9.1. உடைஞ்ச நீளம் 1200 கிலோமீட்டருக்கு மேல, நம்மட நாட்டப் பருத்தித்துறையில இருந்து தெய்வேந்திர முனை வரைக்கும் அளந்தாலும் 430 சொச்சம்தான். அங்க இந்தியத் தட்டு மற்றத் தட்டுக்குக் கீழ போகுது, கீழ இழுபட்டுக் கிடந்த மேல் தட்டிட விளிம்பு விடுபட்டு மீட்டர் கணக்கில மேல எழும்பினது. சிமெலு தீவில கடலுக்குள்ள கிடந்த முருகைக்கல் தண்ணிக்கு மேல வந்து காஞ்சு செத்தது, நிக்கோபார்ல இந்திரா முனை வெளிச்சவீட்டுத் தரை 4 மீட்டருக்கு மேல கீழ இறங்கி இப்ப கடல் அதச் சுத்தி நிக்குது. அந்தளவு கடலடி அசைஞ்சா மேல நிக்கிற தண்ணி என்ன செய்யும்? ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள நாவலடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, திருக்கோவில் எண்டு வந்து அடிச்சது.

2012 ஏப்ரல் 11 பின்னேரம் 2.08. அளவு 8.6, அதுவும் சின்னதில்ல, இங்கயும் கொஞ்சம் ஆடினது சனத்துக்கு விளங்கினது. ஆனா அது தட்டு ஒண்டுக்குக் கீழ ஒண்டு போற இடத்தில நடந்ததில்ல, அதுக்கு மேற்கால, தட்டுக்கு உள்ளுக்க. பாறை மேல கீழ போகாம பக்கவாட்டில ஒண்ட ஒண்டு உரசிக்கொண்டு போனது. வாளித் தண்ணிக்குள்ள கைய விரிச்சுப் படுக்கையா வச்சுப் பக்கத்தால வழுக்கிப் பாருங்க, தண்ணி பெரிசா அசையாது, அதே கைய மேல தூக்குங்க, வெளிய ஊத்தும். இது பக்கத்தால வழுக்கின சாதி. அதால சின்ன அலைதான் வந்தது, அதுவும் சுமாத்ரா பக்கம்.

அப்ப வோர்னிங் பொய்யா? இல்ல தங்கச்சி. அதிர்ந்து முதல் சில நிமிஷத்தில எங்க, எவ்வளவு பெரிசு எண்டுதான் தெரியும். கடலடி எழும்பினதா, பக்கத்தால போனதா எண்டு சரியாப் பாக்க இன்னும் நேரம் வேணும், அலை வருதா எண்டு நடுக்கடல்ல மிதக்கிற கருவியும் கரையோரக் கருவிகளும் காட்டவும் நேரம் போகும். ஆனா அலை நிண்டு பாக்காது, 4 கிலோமீட்டர் ஆழக் கடல்ல மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில வரும். எல்லாம் உறுதியானாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தா கல்லடிச் சனம் பாலம் தாண்டி டவுன் பக்கம் போறதுக்கு நேரம் பத்தாது. 2004இல இந்து சமுத்திரத்துக்கு இப்பிடி ஒரு எச்சரிக்கை அமைப்பே இருக்கல்ல, காலையில சொல்ல ஒருத்தரும் இல்ல. அதோட ஒப்பிட்டா வரல்ல எண்டாலும் ஓடினது சரி.

இன்னொண்டு. 2012இல முதல் அதிர்வுக்குப் பிறகு ரெண்டு மணித்தியாலத்தால, பின்னேரம் 4.13 மணிக்கு, 8.2 அளவில இன்னொரு அதிர்வு வந்தது. "ஒண்டுமில்ல, வாங்க போவம்" எண்டு அதுக்குள்ள திரும்பின ஆக்கள் அந்த நேரம் கரையிலதான். அதால வாபஸ் எண்டு அறிவிக்கிற வரைக்கும் நிண்ட இடத்திலயே நில்லுங்க, அம்மாவுக்கும் சொல்லி வையுங்க.