கேள்வி நமது என்றால் காசும் நமது

நடுவர் அவர்களே, அவையோரே, எனக்கு முன்னால் பேசிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போன எதிரணி நண்பரே, எல்லாருக்கும் வணக்கம்.

'வளரும் நாடுகளில் ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்கும் குடிமக்கள் அமைப்புகளைத் தாங்கி நிறுத்துவது வெளிநாட்டு நிதியா, உள்நாட்டு நன்கொடையா?' இதுதான் தலைப்பு. உள்நாட்டு நன்கொடைதான் என்பது எங்கள் அணியின் கட்சி.

நண்பர் உகாண்டாவைக் காட்டினார். நல்ல உதாரணம்தான். 1990களின் முதல் பாதியில் அந்த நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உலக வங்கி நடத்திய ஆய்வுதான் அதைக் கண்டுபிடித்தது, வெளிநாட்டுப் பணம் இல்லையென்றால் திருட்டே தெரிந்திருக்காது என்றார். சரி, கண்டுபிடித்தாயிற்று. அப்புறம் என்ன நடந்தது? அதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பினோம் என்று அரசு செய்தித்தாளில் போட ஆரம்பித்தது. பள்ளிச் சுவரில் விவரத்தை ஒட்டச் சொன்னது. பெற்றோரும் தலைமையாசிரியரும் 'எங்க பங்கு எங்கே?' என்று கேட்டார்கள். 2001ல் 80 சதவீதத்துக்கும் மேல் போய்ச் சேர்ந்தது. (அந்த உயர்வு முழுக்கச் செய்தித்தாளால் வந்ததுதானா என்று ஆய்வாளர்கள் பிற்பாடு சண்டை போட்டார்கள். அந்த வம்பு நமக்கு வேண்டாம்.) ஆய்வுக்குக் காசு வெளியிலிருந்து வரலாம் நடுவர் அவர்களே, கேட்கிற வாய் உள்ளூரில்தான் இருந்தாக வேண்டும்.

அந்த வாய்க்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதில்தான் சிக்கலே. எத்தியோப்பியாவுக்கு வாருங்கள். 2009ல் அங்கே ஒரு சட்டம். மனித உரிமை, ஆட்சிமுறை பற்றிப் பேசுகிற அமைப்பு தன் வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கக் கூடாது. கொடுமையான சட்டம், நான் அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அந்த ஒரே ஒரு விதியில் அத்தனை அமைப்புகள் எப்படிச் சுருண்டன? 90 சதவீதத்தை உள்நாட்டில் திரட்ட அவற்றால் முடியவில்லை. மனித உரிமைக்காக உழைத்த அமைப்புக்கு அதே ஊர் மனிதர்களிடம் ஒரு உண்டியல்கூட இல்லை! 2019ல் சட்டத்தை மாற்றினார்கள். நடுவில் பத்து வருடம் போய்விட்டது.

உள்ளூர் அரசுதான் நிறுத்த வேண்டும் என்பதுகூட இல்லை. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் ஒரு கையெழுத்து. அமெரிக்க வெளிநாட்டு உதவியில் பெரும்பகுதி உலகம் முழுக்க நின்றது. அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதியோடு, அந்த உதவியை வழங்கிவந்த அமெரிக்க அரசு நிறுவனமான யு.எஸ்.எய்ட் கதையே முடிந்தது. அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுப்பது அமெரிக்க வாக்காளர், பணம் அவர்கள் வரிப்பணம். இதில் நாம் கோபப்பட்டு என்ன பயன்? இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதைதான்.

இப்போது கென்யா. 2024 ஜூனில் புது வரிகளோடு ஒரு நிதி மசோதா வந்தது. தெருவுக்கு வந்தவர்கள் இளைஞர்கள், பின்னால் கட்சி இல்லை. மசோதாவைப் பிரித்து உள்ளூர் மொழிகளில் விளக்கியவர்கள் தன்னார்வலர்கள். கைதானவர்களுக்காக வழக்கறிஞர்கள் காசு வாங்காமல் ஓடினார்கள். காயம்பட்டவர்களின் மருத்துவச் செலவுக்கு ஜனங்கள் கைபேசியில் பணம் அனுப்பினார்கள். நூறு, இருநூறு ஷில்லிங் அனுப்பியவர்கூட 'எவ்வளவு வந்தது, எங்கே போனது?' என்று கணக்கு கேட்டார். ஜூன் 26 அன்று அதிபர் ரூட்டோ, மசோதாவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அறிவித்தார்.

அடுத்த மாதம் அதே அதிபர் என்ன சொன்னார் தெரியுமா? போராட்டத்தின் பின்னால் அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை இருக்கிறது என்றார். அறக்கட்டளை மறுத்தது. எந்த நாட்டு ஆட்சியாளருக்கும் முதலில் கைக்கு வருகிற ஆயுதம் இதுதான்: 'உனக்குக் காசு எங்கிருந்து வருது?' வெளிநாட்டு நிதி வாங்குகிற அமைப்பு அங்கேயே பாதி தோற்றுவிடுகிறது. மீதி நேரமெல்லாம் தன் யோக்கியதையை நிரூபிப்பதில் போய்விடும்.

எதிரணி நண்பர் சிரிக்கிறார். 'உள்ளூர்ப் பணம் மட்டும் யோக்கியமா?' என்று கேட்கப் போகிறார். இல்லை! அதே கென்யாவில் 'ஹராம்பே' என்று ஒரு வழக்கம், எல்லாரும் கூடிப் பணம் போட்டுப் பள்ளிக்கூடம் கட்டுவது. அருமையான வழக்கத்துக்குள் அரசியல்வாதி நோட்டுக்கட்டோடு புகுந்தார், அது ஓட்டு வாங்கும் மேடையாகிவிட்டது. 2024 போராட்டத்துக்குப் பிறகு, அரசுப் பதவியில் இருப்பவர் யாரும் ஹராம்பே பக்கம் போகக்கூடாது என்று அதிபரே சொல்ல வேண்டி வந்தது.

பெரிய நிறுவனங்களும் அப்படித்தான். இந்தியாவில் 2013 நிறுவனச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். பள்ளி கட்டுவார்கள், மருத்துவ முகாம் நடத்துவார்கள். அரசாங்கத்திடம் கணக்கு கேட்கிறவனுக்குக் கொடுப்பார்களா? நாளைக்கு அனுமதி வாங்க அதே அரசாங்கத்திடம்தானே போக வேண்டும்! ஆகவே, நான் உள்நாட்டு நன்கொடை என்று சொல்வது பெரிய மனிதர்களின் காசோலையை அல்ல, ஆயிரம் பேர் போடும் சில்லறையை.

சில்லறையில் இயக்கம் நடக்குமா? ராஜஸ்தானில் நடந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், அதாவது தொழிலாளர், விவசாயிகளின் அமைப்பு, 1990ல் தொடங்கியது. வெளிநாட்டு நிதியும் வாங்குவதில்லை, அரசு நிதியும் வாங்குவதில்லை. 1994 டிசம்பரிலிருந்து கிராமம் கிராமமாக மக்களைக் கூட்டி, அரசாங்க வேலையின் வருகைப் பட்டியலைச் சத்தமாகப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி, செத்துப்போனவர் பெயரில் கூலி! 1996ல் பியாவர் நகரில், அந்தக் கணக்குகளைக் காட்டச் சொல்லி 40 நாள் தர்ணா. கிராமத்து வீடுகளிலிருந்து தானியம் வந்தது, அங்கேயே உலை வைத்தார்கள். கோதுமை கொடுத்த வீட்டிலிருந்து ஆளும் வந்து பந்தலில் உட்கார்ந்தது. இந்த இடத்தை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே நன்கொடை வேறு, பங்கேற்பு வேறாக இல்லை. அவர்கள் போட்ட கோஷம் 'எங்கள் பணம், எங்கள் கணக்கு.' 2005ல் நாடு முழுமைக்கும் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அந்தப் பந்தலும் ஒரு வேர்.

வெளிநாட்டு நிதி வாங்குகிற அமைப்பும் கணக்கு காட்டுகிறது, மறுக்கவில்லை. எங்கே காட்டுகிறது? ஊரில் ஒருவருக்கும் புரியாத மொழியில் அறிக்கை எழுதி, கடல் தாண்டி அனுப்புகிறது. அதிகாரியிடம் 'ஊர் நடுவில் கணக்கைப் படி' என்று கேட்கிறவர், தன் கணக்கை எங்கே படிக்கிறார்?

நடுவர் கை மணியை நோக்கிப் போகிறது. எதிரணியில் அடுத்து வருபவருக்கு ஒரு கேள்வி வைத்துவிட்டு உட்காருகிறேன். நீங்கள் உயர்த்திப் பேசும் அந்த அமைப்புக்கு நாளைக் காலை வெளிநாட்டு நிதி நின்றுபோனால், 'இதை மூடக்கூடாது' என்று வாசலில் வந்து நிற்கப்போகிறவர் யார்? பெயர்கூட வேண்டாம், எந்த ஊர்க்காரர் என்று சொன்னால் போதும்.