காய்ச்சல்காரர் ஏன் தூங்குகிறார்?

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம். தூக்கத்தைப் பற்றிப் பேச வந்தவன், கேட்பவர்கள் தூங்கினால் கோபித்துக்கொள்ள முடியாது. கடைசி வரிசைக்கு இப்போதே அனுமதி தந்துவிடுகிறேன்.

காய்ச்சல் வந்தவரைக் கவனித்திருப்பீர்கள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, பகலென்றும் பாராமல் அசந்து தூங்குவார். “பாவம், உடம்பில் தெம்பில்லை” என்போம். அது பாதிதான் சரி. கிருமி உள்ளே வந்ததும் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன் என்ற புரதங்களைச் சுரக்கின்றன. இன்டர்லூகின்-1 அவற்றில் ஒன்று. அந்தச் சேதி மூளைக்கு எட்டினால் உடம்பும் கொதிக்கும், கண்ணும் சொக்கும். ஆக, உள்ளே சண்டை போடுகிறவர்களே கேட்டு வாங்குகிற தூக்கம் அது.

எதற்காகக் கேட்கிறார்கள்? டி செல் என்று ஒரு வகை வெள்ளையணு. வைரஸ் புகுந்த செல்லை அது கொல்ல வேண்டுமானால் முதலில் அதன்மேல் போய் ஒட்ட வேண்டும். இன்டெக்ரின் என்ற புரதம்தான் பசை. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் அந்தப் பசையின் பிடியைத் தளர்த்திவிடும். நாம் தூங்கும்போது அவை இறங்குகின்றன, பிடி இறுகுகிறது. ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் 2019இல் இதைக் காட்டினார்கள். இரவில் தூங்கியவர்கள், கண் விழித்தவர்கள் இருவரின் ரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டபோது, தூங்கியவர்களின் டி செல்களில்தான் பசை வலுவாக இருந்தது.

சளிக்கு வருவோம். அமெரிக்காவில் 164 பேர் ஒரு வாரம் மணிக்கட்டில் கருவி கட்டிக்கொண்டு தூங்கினார்கள். பிறகு அவர்கள் மூக்கில் சளி வைரஸையே சொட்டுமருந்துபோல விட்டார்கள்! 2015இல் முடிவு வெளியானது. 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, 6 மணி நேரம்கூடத் தூங்காதவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு 4 மடங்குக்கும் அதிகம்.

தடுப்பூசியிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். சில நாட்கள் 4 மணி நேரமே தூங்கவிட்டு ஃப்ளூ ஊசி போட்டார்கள். பத்தாம் நாள் எதிர்ப்புப் புரதம் மற்றவர்களுக்கு இருந்ததில் பாதிகூட இல்லை. சில வாரங்களில் அந்த வித்தியாசம் மறைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்துவது என் வேலையில்லை.

காபி பற்றிக் கேட்பீர்கள். குடித்த காஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக் காபியின் பாதி இரவு 11 மணிக்கும் உங்களோடு படுத்திருக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. “எட்டு மணி நேரம் படுக்கிறேன், காலையில் அடித்துப்போட்டாற்போல் இருக்கிறதே” என்பார்கள். பலத்த குறட்டை, நடுவே மூச்சு நின்று, திடுக்கென்று ஒரு திணறல் இருந்தால், அது மருத்துவர் பார்க்க வேண்டிய கோளாறு. குறட்டை விடுகிறவருக்கு இது தெரியாது. பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.