கொக்கு ஏன் விழுவதில்லை?

வணக்கம் நேயர்களே. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு யோகாசனம் எதற்கு என்று பேச அழைத்திருக்கிறார்கள். கிளிநொச்சிப் பக்கத்தில் 25 வருடத்துக்கு மேலாகச் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள் நான். வகுப்பறையிலிருந்தே தொடங்குகிறேன்.

தரம் 3 இல் ஒரு பையன் இருந்தான். இரண்டு நிமிடம் ஓரிடத்தில் இருக்க மாட்டான். வாங்கு ஆடும், பென்சில் விழும், பக்கத்துப் பிள்ளை அழும். விருட்சாசனம், அதுதான் ஒற்றைக் காலில் மரம்போல நிற்பது, பழக்கினால் முதலில் விழுவதும் அவன்தான். ஒருநாள் யன்னலால் வயலைக் காட்டிக் கேட்டான்: "ரீச்சர், அந்தக் கொக்கு ஏன் விழுகுதில்லை?"

எல்லோரையும் வேலியோரம் கூட்டிப்போனேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல். வாய்க்கால் ஓரம் கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. கழுத்து அசையவில்லை, கண்ணும் அசையவில்லை. "அது எங்கையடா பார்க்குது?" என்றேன். "தண்ணிக்குள்ளை ரீச்சர். ஒரே இடத்தை."

தனக்கு வேண்டிய விடையை அவனே கண்டுபிடித்துவிட்டான். அடுத்த நாள் சுவரில் சோக்கட்டியால் ஒரு பொட்டு வைத்தேன். அதைப் பார்த்தபடி 10 எண்ணும் வரை நின்றான். நிற்பதற்குக் கால் மட்டும் போதாது, நேயர்களே. கண், உள்காது, கணுக்காலைச் சுற்றிய சின்னத் தசைகள் எல்லாம் மூளைக்குச் செய்தி சொல்ல வேண்டும். ஏழெட்டு வயதில் அந்தச் சமநிலை இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். பார்வை அலைந்தால் உடம்பும் அலையும். அவன் கணக்கில் 100 எடுத்தான் என்று சொல்ல வரவில்லை. நாரியை நிமிர்த்தி இருந்து எழுதப் பழகினான். எனக்கு அது பெரிய விஷயம்.

சரி, மூச்சுக்கு வருவோம். இதைக் கேட்டுக்கொண்டே மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்புக் கொஞ்சம் வேகமாகும், மெல்ல விடும்போது தணியும். பிள்ளைகளிடம் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பயந்த பிள்ளையிடம் "பயப்படாதை" என்றால் பயம் போகாது. "மூச்சை மெல்ல விடு" என்று சொல்லிப் பாருங்கள்.

வன்னிப் பிள்ளைகளுக்குத் தேனீயைத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டு தேனீபோல "ம்ம்ம்" என்று ரீங்காரமிடச் சொன்னால் போதும். ரீங்காரம் நீள, விடும் மூச்சும் தானாக நீளும். பிரமரி என்று அதற்குப் பெயர். பெயர் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பில் வினாத்தாள் கொடுக்க முன் இரண்டு நிமிடம் இதைச் செய்விப்பேன். தாளைத் தொடவே கை நடுங்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

2015 இலிருந்து யூன் 21 ஐ சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடுகிறோம். மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்பது பார்க்க அழகுதான். ஆனால் ஒரு நாள் போதாது. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் தினமும் ஏழெட்டு நிமிடம், விளையாட்டுப்போல. அதைத்தான் கேட்கிறேன். தினமும்.

நேரமாகிறது என்று கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அம்மாமாருக்கு விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வெறும் சீமெந்துத் தரையில் வேண்டாம், பாய் விரியுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு செய்ய விடாதீர்கள். சாப்பிடாமல் வந்த பிள்ளைக்கு முதலில் சாப்பாடு, ஆசனம் பிறகு. தலைகீழாக நிற்கும் சிரசாசனமும் மூச்சை அடக்குவதும் இந்த வயதுக்கு வேண்டாம். நோகுது என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். சம்மாணம் கொட்டி இருந்து சாப்பிடுவது பற்றியும் சொல்ல வந்தேன், நேரமில்லை. வணக்கம்.