சராசரி லாரி என்று ஒன்று கிடையாது

வணக்கம். கட்டுமான வேலையைத் திட்டமிடுகிறவர்களிடம் நான் பல வருடங்களாகச் சொல்லி வருவது ஒன்றுதான்: தரையில் தொடங்குமுன் தாளில் நூறு முறை நடத்திப் பாருங்கள். சிமுலேஷன் என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நான் அதைக் கற்றது ஒரு பகடைக்காயில்.

ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போடவேண்டும். லாரியைக் காலிசெய்ய பம்புக்கு 10 நிமிடம். லாரி போய் நிரப்பிக்கொண்டு வர 30 நிமிடம். ஆக ஒரு சுற்று 40 நிமிடம், நாலு லாரி போதும், எட்டு மணி நேரத்தில் 48 லோடு. பெருமையாகத் தாளை நீட்டினேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, “உங்க தாள்ல லாரி லேட்டாவே வராதா சார்?” என்றார்.

மறுநாள் பம்ப் சும்மா நின்றது. ஆட்கள் குழாயைப் பிடித்தபடி சாலையையே பார்த்திருந்தார்கள். அப்புறம் மூன்று லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. உள்ளே கான்கிரீட் இறுகத் தொடங்கிவிடுமோ என்று எனக்கு வியர்த்தது. இருட்டியும் வேலை முடியவில்லை.

இரவு பகடையை எடுத்தேன். ஒன்று விழுந்தால் பயணம் 15 நிமிடம், ஆறு விழுந்தால் 45. இடையில் ஆறு ஆறு நிமிடமாகக் கூடும். சராசரி அதே 30தான், கவனியுங்கள். நாலு தீப்பெட்டிகள்தான் லாரிகள். உருட்டி உருட்டி ஒரு நாளை நடத்தினேன், இன்னொரு நாள், இன்னொரு நாள். 48 ஒருமுறைகூட வரவில்லை.

ஏன்? லாரி சீக்கிரம் வந்தால் வரிசையில் நிற்கிறது, லாபம் இல்லை. தாமதமானால் பம்ப் சும்மா நிற்கிறது. சும்மா நின்ற பத்து நிமிடத்தை எடுத்துவைத்து மாலையில் செலவழிக்க முடியாது. திரும்பவும் சொல்கிறேன், எடுத்துவைக்க முடியாது! ஐந்தாவது தீப்பெட்டியைச் சேர்த்ததும் லோடு கூடியது, லாரிகள் காத்து நிற்பதும் கூடியது. எந்தக் காத்திருப்புக்குச் செலவு அதிகம் என்று பார்ப்பதுதான் திட்டமிடுபவரின் வேலை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1946-இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித மேதை நோயிலிருந்து தேறிவந்த நாட்களில் தனியாகச் சீட்டு ஆடினார். வெல்லும் வாய்ப்பைக் கணக்குப்போட்டுத் திணறுவதைவிட, நூறு ஆட்டம் ஆடி எண்ணிவிடலாமே என்று தோன்றியது. மான்டி கார்லோ முறை அப்படிப் பிறந்தது. கட்டுமானத்துக்கென்றே டேனியல் ஹால்பின் என்ற பொறியாளர் 1970-களில் சைக்ளோன் என்ற முறையை உருவாக்கினார். தீப்பெட்டிக்குப் பதில் கணினி, அவ்வளவுதான்.

இன்னொன்று. சென்ட்ரிங், கம்பி, மின்குழாய் மூன்றும் முடிந்தால்தான் கான்கிரீட். ஒவ்வொன்றும் சொன்ன தேதியில் முடியப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஒன்றின் தாமதம் மற்றதைத் தொடாது என்று வையுங்கள். மூன்றும் அன்றைக்குத் தயாராக இருக்க எட்டில் ஒரு வாய்ப்புதான். கூட்டத்தில் மூன்று பேரும் “முடிஞ்சிரும் சார்” என்றுதான் சொல்வார்கள். பாவம், பொய் சொல்லவில்லை.

நேரம் முடிந்தது என்று வானொலி நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். சரி, சுரங்கம் தோண்டும் வேலையைப் பற்றிச் சொல்ல நினைத்தது போகட்டும். கடைசியாக ஒன்று: நேரங்களைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள், கடிகாரத்தோடு நின்று எழுதுங்கள். பம்ப் பழுதான நாளை “அது விதிவிலக்கு” என்று அடித்துவிடாதீர்கள், அதையும் சேர்த்து எழுதுங்கள். வணக்கம்.