மெயில் காட்டும் வழியால் போகாதீர்கள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

கொழும்பில் சிறு அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் போய்க் கணினி, போன் சம்பந்தமான வேலைகளைச் செய்துகொடுப்பது என் தொழில். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று எங்கே போனாலும், வந்த வேலை முடிந்ததும் யாராவது ஒருவர் போனை நீட்டுவார். "தம்பி, இந்த மெயில் உண்மையோ பொய்யோ எண்டு ஒருக்காப் பாருங்கோ." கூகுள் அனுப்பியதாக ஒன்று இருக்கும். அப்பிள், பேஸ்புக், மைக்ரோசொஃப்ட், நெட்ஃபிளிக்ஸ் பெயரில் இன்னும் சில இருக்கும். அந்தக் கேள்விக்கு நீங்கள் விடை கண்டுபிடிக்க வேண்டிய தேவையே இல்லை. அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் ஓர் அக்கா வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். கடை கிடையாது, ஓடர் எல்லாம் பேஸ்புக் பக்கத்தில்தான் வரும். நத்தார் நெருங்கி வேலை குவிந்திருந்த நேரத்தில் அவருக்கு ஒரு மெயில் வந்தது. மேலே நீல நிறச் சின்னம், ஒரு முறைப்பாட்டு இலக்கம், அதன் கீழே நாலு வரி. உங்கள் பக்கத்தில் வேறொருவருக்கு உரிமையான படம் இருக்கிறது, 24 மணித்தியாலத்துக்குள் மேன்முறையீடு செய்யாவிட்டால் பக்கம் நிரந்தரமாக மூடப்படும் என்று எழுதியிருந்தது. மேன்முறையீடு செய்ய ஒரு பொத்தானும் இருந்தது.

அவர் உண்மையிலேயே சில கேக் படங்களை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். அதனால்தான் அந்த மெயில் அவரைப் பிடித்துக்கொண்டது. அனுப்பியவனுக்கு இவரைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. சிறு வியாபாரப் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் இதே மெயிலை அனுப்பினால், எங்கிருந்தோ ஒரு படத்தை எடுத்துப் போட்டவர்கள் அவற்றுக்குள் நிறையவே இருப்பார்கள். அவர்களுக்குத்தான் நெஞ்சு திக்கென்று இருக்கும்.

பொத்தானை அழுத்தினார். பேஸ்புக் போலவே ஒரு பக்கம் திறந்து, தொலைபேசி இலக்கத்தையும் பாஸ்வேர்டையும் கேட்டது. கொடுத்தார். உடனே அவருடைய போனுக்கு ஆறு இலக்கக் கோட் ஒன்று வந்தது. அது உண்மையான பேஸ்புக் அனுப்பிய கோட். அதைப் பார்த்ததும் மிச்சமிருந்த சந்தேகமும் அவருக்குப் போய்விட்டது.

இந்த இடத்தில் என்ன நடந்தது என்று தயவுசெய்து கவனியுங்கள். அவர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டை அடித்தபோது, மறுபக்கத்தில் இருந்தவன் அதே பாஸ்வேர்டை உண்மையான பேஸ்புக்கில் அடித்தான். இப்போதெல்லாம் இதைச் செய்ய ஆள்கூடத் தேவையில்லை, ஒரு புரோகிராமே செய்துவிடும். பேஸ்புக் வழக்கம்போலச் சொந்தக்காரருக்குக் கோட் அனுப்பியது. அவர் அதைப் போலிப் பக்கத்தில் அடித்தார், மறுபக்கத்தில் இருந்தவன் எடுத்துக்கொண்டான். கோட் வந்துவிட்டது, அப்படியானால் சரியான இடம்தான் என்று நினைக்கிறோமே, அது பிழை. கோட் யார் கேட்டு வந்தது என்பது அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்தால் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அவருடைய பக்கத்திலேயே அவருக்கு இடமில்லாமல் போனது. நத்தார் கேக்குக்கு முற்பணத்தை இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்குச் செய்தி போனது. சிலர் போட்டும்விட்டார்கள். நம் நாட்டில் ஒன்லைனில் பணம் மாற்றினால் பெரும்பாலும் சில நொடிகளில் அடுத்த வங்கிக்குப் போய்விடும். திரும்பி வருவது அவ்வளவு சுலபமில்லை. அந்த நத்தாருக்கு அவர் கேக் செய்த நேரத்தைவிட, ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து விளக்கம் சொன்ன நேரம்தான் அதிகம். அவரை ஏமாளி என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். வியாபாரத்தை மட்டு மட்டாகக் கணக்குப் பார்த்து நடத்துகிற கெட்டிக்காரி அவர்.

சரி, போலியைக் கண்டுபிடிக்க வழக்கமாகச் சொல்லும் அறிவுரைகள் என்ன? எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள் என்பார்கள். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு மோசடி மெயில்களும் பிழையில்லாமல் வருகின்றன, தமிழில்கூட எழுதிக்கொள்ளலாம். இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்பார்கள். அந்தப் பூட்டுக்கான சான்றிதழை யாரும் இலவசமாகவே எடுக்க முடியும், கள்வனும் எடுக்கலாம். மக்கள் அதைத் தவறாக நம்புகிறார்கள் என்பதாலேயே கூகுள் 2023 இல் தன் குரோம் பிரவுசரிலிருந்து அந்தப் பூட்டை எடுத்துவிட்டது.

அனுப்பியவரின் முகவரியைப் பார்ப்பது இவற்றைவிட நல்லது. பெயரைத் தட்டினால் உண்மையான முகவரி தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் 'ஆர்' எழுத்தையும் 'என்' எழுத்தையும் ஒட்டி எழுதினால் போன் திரையில் 'எம்' போலவே இருக்கும். மைக்ரோசொஃப்டின் முதல் எழுத்தை அப்படி மாற்றி வைத்தால் எத்தனை பேர் கவனிப்போம்? மறுபக்கம், பேஸ்புக் அனுப்பும் உண்மையான மெயில்களே 'பேஸ்புக்மெயில் டொட் கொம்' என்ற முகவரியிலிருந்து வருவதுண்டு. கேட்டால் அதுதான் போலி போல இருக்கிறது.

2025 ஏப்ரலில் இதைவிட மோசமான ஒன்று வெளியே வந்தது. கூகுள் தானாக அனுப்பும் எச்சரிக்கை மெயில் ஒன்றுக்குள் மோசடிக்காரர்கள் தங்கள் வாசகத்தைப் புகுத்தி, அந்த மெயிலையே மற்றவர்களுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அனுப்பியவர் என்று காட்டியது கூகுளின் சொந்த முகவரி. மெயில் உண்மையா என்று இயந்திரம் செய்யும் கையொப்பச் சோதனையிலும் அது தேறியது. லிங்க் போய்ச் சேர்ந்த பக்கம்கூடக் கூகுளின் இலவசச் சேவையில் கட்டப்பட்டிருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்களே திணறும் சோதனையை ஒரு வெள்ளவத்தை அம்மம்மாவிடம் போய்ச் செய்யச் சொல்வது நியாயமில்லை.

இன்னொரு சம்பவம் இருக்கிறது. 2016 மார்ச்சில், ஹிலரி கிளின்டனின் ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்துக்குத் தலைவராக இருந்த ஜோன் பொடெஸ்டாவுக்குக் கூகுள் பெயரில் ஒரு மெயில் வந்தது. உங்கள் பாஸ்வேர்ட் இன்னொருவர் கையில் இருக்கிறது, உக்ரேனிலிருந்து உள்ளே வரப் பார்த்தார்கள், உடனே மாற்றுங்கள் என்றது. அலுவலகத்தில் கணினி தெரிந்தவரிடம் காட்டிக் கேட்டார்கள். அவர் இது உண்மையான மெயில் என்று பதில் எழுதினார். போலி என்று எழுத நினைத்தது கை தவறிவிட்டது என்று பிறகு சொன்னார். ஆனால் அதே பதிலில், பாஸ்வேர்டை மாற்றக் கூகுளின் சரியான முகவரியையும் அவர் கொடுத்திருந்தார். அந்த முகவரிக்குப் போயிருந்தால், மெயிலை உண்மை என்று நம்பியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. அழுத்தப்பட்டதோ மெயிலில் இருந்த லிங்க். பொடெஸ்டாவின் ஆயிரக்கணக்கான கடிதங்கள் அந்த ஒக்டோபரில், இரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தில் வெளியாகின.

ஆகவே நான் வீடுகளில் சொல்லிக்கொடுப்பது ஒன்றைத்தான். மெயில் உண்மையாக இருக்கட்டும், பொய்யாக இருக்கட்டும், அதில் இருக்கும் பொத்தானால் போகாதீர்கள். மெயிலை மூடிவிட்டு, வழக்கமாகப் போகும் வழியால் போய்ப் பாருங்கள். கூகுள் என்றால் ஜிமெயிலைத் திறந்து, மேலே மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தட்டி, கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போங்கள். உண்மையான எச்சரிக்கை என்றால் அங்கேயும் இருக்கும். பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் பாஸ்வேர்ட், பாதுகாப்புப் பகுதியில், அண்மையில் அவர்கள் உங்களுக்கு அனுப்பிய மெயில்களின் பட்டியலே இருக்கிறது. கேக் அக்காவுக்கு வந்த மெயில் அந்தப் பட்டியலில் இருந்திருக்காது. மைக்ரோசொஃப்ட் பெயரில் திரையை மறைத்துக்கொண்டு, இந்த இலக்கத்துக்குப் போன் எடுங்கள் என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம். தங்கள் எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் போடுவதே இல்லை என்று அந்த நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

பிள்ளைகள் டொரொன்டோவிலோ லண்டனிலோ இருக்க, அப்பா அம்மா மட்டும் இங்கே தொடர்மாடியில் இருக்கும் வீடுகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கும். விடுமுறைக்கு வந்த பிள்ளை ஐபோன் கொடுத்து, அப்பிள் கணக்கும் திறந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கும். பாஸ்வேர்ட் ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஐகிளவுட் என்ற அப்பிளின் இணையச் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது, இன்றைக்குள் பணம் கட்டாவிட்டால் படங்கள் அழிந்துவிடும் என்று மெயில் வந்தால், அவர்களுக்கு அது பேரப்பிள்ளைகளின் படங்கள். வங்கி அட்டையை எடுத்துவிடுவார்கள். போனில் செட்டிங்ஸைத் திறந்து மேலே இருக்கும் தங்கள் பெயரைத் தட்டி, பிறகு ஐகிளவுட்டைத் தட்டினால், எவ்வளவு இடம் மிச்சம் என்று அங்கேயே தெரியும். வெளிநாட்டில் இருந்து இதைக் கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வீடியோ அழைப்பில் அந்த இடத்தை அம்மாவுக்கு ஒருக்காக் காட்டிவிடுங்கள். கணக்கைத் திறக்க முடியாமல் போனால் உதவுவதற்கு, அப்பிள் கணக்கில் மீட்புத் தொடர்பு என்று ஒருவரைச் சேர்க்கலாம், அதில் உங்களைச் சேர்த்து வையுங்கள்.

கொஞ்சம் மெனக்கெடத் தயார் என்றால், பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பாஸ்கீ வைத்துக்கொள்வதுதான் மிகப் பலமான காவல். கைரேகையாலோ முகத்தாலோ போனைத் திறப்பது போலக் கணக்கையும் திறக்கலாம். அது உண்மையான இணைய முகவரியோடு கட்டப்பட்டது, போலிப் பக்கத்தில் வேலையே செய்யாது. இதே அடிப்படையில் இயங்கும் சிறு சாவிக் கருவியைக் கூகுள் தன் ஊழியர்களுக்கு 2017 தொடக்கத்தில் கட்டாயமாக்கியது. அதன் பிறகு 85,000க்கு மேற்பட்ட ஊழியர்களில் ஒருவருடைய வேலைக் கணக்கும் இப்படிக் களவு போகவில்லை என்று 2018 இல் சொன்னது. பாஸ்கீ வேண்டாம் என்றால், பாஸ்வேர்டைப் போனிலேயே சேமித்து வையுங்கள். போலிப் பக்கத்தில் அது தானாக வந்து நிரம்பாது. ஏன் வரவில்லை என்று கையால் அடிக்கத் தொடங்குகிறோமே, அந்த இடத்தில்தான் நிறுத்த வேண்டும்.

கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு ஒளித்துவைக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களும் ஏசாதீர்கள், ஏச்சுக்குப் பயந்து இரண்டு நாள் மறைத்தவர்கள்தான் அதிகம் இழந்திருக்கிறார்கள். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள். ஜிமெயில் என்றால் கடிதங்கள் வேறு முகவரிக்குப் போகும்படி ஏதாவது அமைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். மீட்பு இலக்கத்தை அவர்கள் மாற்றியிருந்தாலும், பழைய இலக்கத்தால் கணக்கை மீட்க ஒரு கிழமை வரை கூகுள் வாய்ப்புத் தருகிறது. அந்த நாட்களை வீணாக்கக் கூடாது. வங்கி அட்டையின் விபரம் போயிருந்தால், அட்டையின் பின்பக்கத்தில் உள்ள இலக்கத்துக்கு உடனே அழைத்து அட்டையை முடக்குங்கள்.

கணினிப் பாதுகாப்புப் பிரச்சினைகளைக் கவனிக்கும் அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டின் இலக்கம் 101. இப்படிக் கணக்கு களவு போனால் அங்கே அழைத்து முறையிடலாம். பணம் போயிருந்தால் பொலிஸுக்கும் போக வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் இன்னொருவர் கணக்குக்குள் புகுவது குற்றம். வந்த மெயிலை அதற்கு முன் அழித்துவிடாதீர்கள், அது சான்று. ஒன்றும் கொடுக்காமல் தப்பியிருந்தால், கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தட்டி, ஃபிஷிங், அதாவது போலி மெயில் மோசடி, என்று முறையிட்டுவிட்டு அழிக்கலாம். அப்பிள் பெயரில் வந்ததை 'ரிப்போர்ட்ஃபிஷிங் அட் அப்பிள் டொட் கொம்' என்ற முகவரிக்கு அனுப்பி வையுங்கள்.

நன்றி. வணக்கம்.