தலைக்கு மை, தளத்துக்கு?

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, சபையோரே, அனைவருக்கும் வணக்கம். மணியில் கை வைத்திருப்பவர் என்னையே பார்ப்பதால் வணக்கம் இத்துடன் முடிந்தது.

தொழில் வளர நிறுவனத்தின் இணையதளத்தை அடியோடு மாற்ற வேண்டுமா, இருப்பதைத் திருத்தினால் போதுமா? நாங்கள் 'திருத்தினால் போதும்' அணி. ஆனால் வாதத்துக்கு முன்னால் ஒரு பாக்கி இருக்கிறது. எனக்கு முன் பேசிய தங்கை, "அண்ணன் தலைக்கு மட்டும் மாதாமாதம் மை அடிக்கிறார், தளத்துக்கு அடிக்க மனசு வரமாட்டேன் என்கிறது" என்றார். நீங்களும் தட்டினீர்களே ஒரு கைதட்டு! முன்வரிசையில் முதலில் தட்டியது என் வீட்டுக்காரம்மா.

தங்கச்சி, அடிக்கிறேன். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் மை அடிப்பது எந்த அணியின் கட்சி? நரைத்த இடத்தில் மட்டும் பூசினேன். மூக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. காது இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்து "யார் சார் வேணும்?" என்று கேட்கவில்லை. குறை இருந்த இடத்தில் மட்டும் கை வைத்தேன். அதைத்தானே அம்மா நாங்கள் காலையிலிருந்து சொல்கிறோம்! நீங்கள் சொல்வது என்ன? தலையையே எடுத்துவிட்டுப் புதுத் தலை வைப்பது. வாய் எங்கே என்று கேட்டால், மூலையில் மூன்று கோடு தெரிகிறதே, அதை அழுத்துங்கள், திறக்கும் என்பீர்கள். என் தலையை உதாரணம் காட்டியதற்கு நன்றி. அது எங்கள் அணியில்தான் இருக்கிறது.

மூன்று கோடு என்றதும் ஒரு முதலாளி ஞாபகம் வருகிறார். பெயர் வேண்டாம், அவருக்கும் காது இருக்கிறது. அவருடைய பழைய தளம் அழகில் சுமார்தான். ஆனால் உச்சியில் கொட்டை எழுத்தில் போன் நம்பர் இருக்கும். போட்டி நிறுவனம் தன் தளத்தை மாற்றியது. அன்றோடு இவருக்குத் தூக்கம் போயிற்று. மாதக்கணக்கில் வேலை நடந்து புதுத் தளம் வந்தது. திறந்தால் வீடியோ. மேகம் போகிறது. எழுத்து ஒவ்வொன்றாக மிதந்து வருகிறது. ஆபீஸே எழுந்து நின்று கைதட்டியது.

முதல் நாள் போன் அடிக்கவில்லை. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "தளம் அவ்வளவு தெளிவு, யாருக்கும் சந்தேகமே வரவில்லை!" இரண்டாம் நாளும் அடிக்கவில்லை. "எல்லோரும் அழகில் மயங்கிக் கிடக்கிறார்கள்" என்றார். மூன்றாம் நாள் வெளியூர் போன இடத்தில் அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவசரமாக ஆபீஸில் பேச வேண்டும். இந்தக் காலத்தில் யாருக்கு நம்பர் மனப்பாடம்? பக்கத்தில் இருந்தவர் போனை வாங்கித் தன் தளத்தைத் திறந்தார். மேகம் போகிறது. காத்திருந்தார். எழுத்து மிதக்கிறது. மேலே தேடினார், கீழே தேடினார், கடைசியில் மேகத்தையே அழுத்திப் பார்த்தார். நம்பர் இல்லை. அவருக்கு ஞாபகத்தில் இருந்த ஒரே நம்பர் வீட்டு நம்பர். "ஏம்மா, நம்ம ஆபீஸ் நம்பர் என்ன?" அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "நம்ம வெப்சைட்ல இருக்குமே, பாருங்க!"

பின்வரிசையில் இரண்டு பேர் இன்னும் சிரிக்கவில்லை. அவர்களுக்காக மறுபடி: சொந்த ஆபீஸ் நம்பரைச் சொந்தத் தளத்தில் தேடி, கிடைக்காமல், சொந்த மனைவியிடம் கேட்டால், அந்த அம்மா திரும்பவும் மேகத்துக்கே அனுப்பிவைக்கிறார்! நடுவரே, நீங்களும் சிரித்துவிட்டீர்கள். மார்க்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கதை முடியவில்லை. நம்பரை உச்சிக்கு ஏற்றிய பிறகும் போன் அடிக்கவில்லை. ஏனென்றால் பழைய பக்கங்களின் முகவரி எல்லாமே மாறிவிட்டது. கூகுளில் தேடி வருபவர் பழைய முகவரியை அழுத்துகிறார், '404, பக்கம் இல்லை' என்று வருகிறது. பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிட 301 என்று ஓர் ஏற்பாடு உண்டு. செய்ய யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் மேகத்தில் இருந்தார்கள்.

சின்ன முதலாளி கதை என்பீர்கள். சரி, பெரியவர்களைப் பார்ப்போம். பிரிட்டனின் பெரிய கடை நிறுவனமான மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2014இல் 15 கோடி பவுண்ட் செலவில் புதுத் தளம் திறந்தது. பழைய வாடிக்கையாளர்களை மறுபடி பதிவு செய்யச் சொன்னது. அடுத்து வந்த காலாண்டில் இணைய விற்பனை 8.1 சதவீதம் இறங்கியது. வாசகர்களே செய்திகளைப் பகிர்ந்து ஓட்டுப் போடும் டிக் தளம் 2010இல் அடியோடு மாறியது; கோபித்துக்கொண்டு அதே மாதிரியான ரெட்டிட் தளத்துக்குப் போனவர்கள் ஏராளம். 2012இல் டிக்கைக் கூறு போட்டு விற்றார்கள்.

எதிரணித் தலைவர், அசையும் படங்களுக்கு அந்தக் காலத்தில் பயன்பட்ட ஃப்ளாஷ் மென்பொருளில் செய்த தளத்தை என்ன செய்வது என்று மேஜையைத் தட்டினார். ஃப்ளாஷை அதன் சொந்தக்கார நிறுவனமான அடோபி 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு கைவிட்டுவிட்டது. அதில் இன்னும் தளம் வைத்திருப்பவர் தாராளமாக மாற்றட்டும், அதற்குப் பட்டிமன்றம் எதற்கு? தளம் மெதுவாகத் திறக்கிறது என்றார். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்த அளவு. பல இடங்களில் அதைக் கெடுப்பது கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய படம். படத்தைச் சுருக்குங்கள் ஐயா! எந்தப் பக்கத்தில் ஆட்கள் வெளியேறுகிறார்கள், தேடல் பெட்டியில் எதைத் தட்டுகிறார்கள் என்று பார்த்தாலே பழுது எங்கே என்று தெரிந்துவிடும். உண்மையைச் சொன்னால், தளம் சலித்துப்போவது தினமும் அதைப் பார்க்கிற முதலாளிக்குத்தான். எப்போதாவது வந்து போகிற வாடிக்கையாளருக்கு என்ன சலிப்பு?

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நிமிடம்.

என் அப்பாவிடம் ஒரு தாள் இருந்தது. மாதாமாதம் பணம் கட்ட வேண்டிய ஒரு தளத்தை எப்படித் திறப்பது என்று தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். "மேலே வலது மூலை. பச்சைப் பட்டன். பிறகு பெயர்." யாரையும் கேட்கமாட்டார். அதில் அவருக்கு ஒரு கர்வம். ஒரு நாள் காலையில் அந்தத் தளம் மாறியிருந்தது. பச்சைப் பட்டன் இல்லை. தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எனக்குத்தான் வயசாயிடுச்சு போல" என்றார். அதற்குப் பிறகு மாதாமாதம் என்னைக் கூப்பிடுகிறார். கூப்பிடும்போதெல்லாம் முதல் கேள்வி, "வேலையா இருக்கியாப்பா?" என்னைப் பெற்றவர், என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்!

அவர் இன்றும் ஒழுங்காகப் பணம் கட்டுகிறார், நடுவரே. அதனால் அந்த நிறுவனத்தின் எந்தச் சதவீதக் கணக்கிலும் அவர் வரமாட்டார்.

தங்கச்சி, ஒரே கேள்வி. உங்கள் புதுத் தளத்தில் அந்தப் பச்சைப் பட்டன் இருந்த இடத்திலேயே இருக்குமா? இருக்கும் என்றால் நீங்கள் எங்கள் அணி, நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்துங்கள். இருக்காது என்றால், அவருக்கு அடுத்த தாளை எழுதிக்கொடுக்க நீங்கள்தான் வர வேண்டும். மணியடிப்பவர் எழுந்தே நின்றுவிட்டார். நன்றி, வணக்கம்.