சக்கரத்துக்குக் கொஞ்சம், ஷாஃப்ட்டுக்கு மீதி

வணக்கம். டர்பனிலும், டோங்காட், வெருலம், ஸ்டேஞ்சர் பக்கத்திலும் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு என் வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் சின்ன டிராக்டரின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற, ஆறு பல் வெட்டிய, ஒரு சாண்கூட இல்லாத இரும்புத் துண்டைப் பற்றிப் பேசப்போகிறேன். பி.டி.ஓ. என்பார்கள். புல் வெட்டுகிற ஸ்லேஷர், மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர், மருந்து அடிக்கிற பம்பு எல்லாவற்றுக்கும் சுழற்சி அதிலிருந்துதான் வருகிறது.

ஒர்க்‌ஷாப்பில் எனக்கு அடிக்கடி வருகிற புகார் ஒன்றே ஒன்று. "அண்ணே, இருபத்தைந்து எச்.பி. என்று சொல்லி விற்றார்கள், புல்லைக்கூட வெட்ட மாட்டேன் என்கிறது." வண்டியில் ஒரு குறையும் இருக்காது. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பானட்டில் ஒட்டியிருக்கிற எண் என்ஜினுடையது. கியர் வண்டியானால் 25-இல் ஏறக்குறைய 21 பின்னால் வந்து சேரும். மிதித்தால் போகிற ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியானால் 19-தான். ஸ்லேஷருக்கு ஓர் அடி அகலத்துக்கு ஐந்து எச்.பி. என்பது பழைய கணக்கு. அப்படியானால் இந்த வண்டிக்கு நாலு அடிதான் சரி. ஐந்து அடி ஸ்லேஷரை மாட்டிவிட்டு என்ஜினைத் திட்டுவதில் நியாயமில்லை.

இரண்டாவது விஷயம்தான் என் பேச்சின் உயிர். இருப்பது ஒரே என்ஜின். அதைச் சக்கரமும் கேட்கிறது, பின்னால் இருக்கிற பி.டி.ஓ. ஷாஃப்ட்டும் கேட்கிறது. என்ஜின் திணறுகிறது என்றால் குறைக்கவேண்டியது சக்கரத்தின் வேகத்தை, என்ஜினின் வேகத்தை அல்ல. நம் ஆட்கள் செய்வது நேர் எதிர். டீசல் மிச்சம் என்று த்ராட்டிலைப் பாதியில் வைத்துக்கொண்டு, மூன்றாவது கியரில் ஓட்டுகிறார்கள்.

ஆர்.பி.எம். மீட்டரைப் பாருங்கள். 540 என்று எழுதி ஒரு கோடோ அம்புக்குறியோ இருக்கும். சின்ன டிராக்டர்களில் அது பெரும்பாலும் 2,400-க்கும் 2,600-க்கும் நடுவில் வரும். அந்த இடத்தில் என்ஜினை வைத்தால்தான் பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். 2,500-இல் 540 கொடுக்கிற வண்டியை 1,600-இல் ஓட்டினால் பின்னால் கிடைப்பது 345 சுற்று. பிளேடு புல்லை வெட்டாது, பிய்க்கும். நம்பாவிட்டால் மறுநாள் காலையில் போய்க் குனிந்து ஒரு கிகூயு புல்லைப் பிடுங்கிப் பாருங்கள். சரியான வேகத்தில் வெட்டியது நுனியில் நேராகப் பச்சையாக இருக்கும். பிய்ந்தது நார்நாராகக் கிழிந்து, வெளுத்துக் காய்ந்திருக்கும். மிச்சம் பிடித்த டீசலும் மிஞ்சாது, அதே இடத்தை மறுபடியும் ஓட்டவேண்டி வரும்.

வீட்டிலிருந்து கேட்கிற அம்மாக்களுக்கு இது புதிதல்ல. மிக்ஸியில் தேங்காயை ஒரேயடியாகக் கொட்டினால் சத்தம் இறங்கும். உடனே கையில் கொஞ்சம் வெளியே எடுப்பீர்களே தவிர, வேகத்தைக் குறைக்க மாட்டீர்கள். ஆகவே முதலில் 540, அப்புறம் கியர். சத்தம் இறங்கினால் ஒரு கியர் கீழே. மறுபடியும் சொல்கிறேன், கியரைத்தான் இறக்கவேண்டும். லேசான வேலைக்கு 540 ஈ என்று ஒரு வசதி சில வண்டிகளில் உண்டு. என்ஜின் மெதுவாக ஓடும், ஷாஃப்ட்டு 540 சுற்றும். மருந்து அடிக்க அது போதும். ஸ்லேஷருக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லாமல் போகமுடியாது. வெருலம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். 30 எச்.பி. வண்டி, ஐந்தடி ஸ்லேஷர். காவடிக்கு முன்னால் கோயில் மைதானத்தை அவர்தான் வெட்டிக்கொடுப்பார், புல் வரிவரியாகப் படுத்திருக்கும். மருமகன் ஜோஹானஸ்பர்க்குக்குத் தெற்கே கொஞ்சம் நிலம் வாங்கினார். மாமா வண்டியையும் ஸ்லேஷரையும் லாரியில் ஏற்றி, வான் ரீனன் கணவாய் வழியாக அனுப்பிவைத்தார். போன மறுநாளே போன். "மாமா, உங்கள் வண்டி கறுப்புப் புகையாகக் கக்குகிறது. டீசல் பம்பு போய்விட்டது என்கிறார் இங்கே ஒரு மெக்கானிக். டீசலைக் கூட்டிவைத்தால் சரியாகும் என்கிறார்." பெரியவர் அதே மூச்சில் எனக்கு போன் போட்டார்.

பம்பு எங்கும் போகவில்லை, காற்றுதான் போயிருக்கிறது. டர்பன் கடல்மட்டம். அந்த நிலம் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு சக்தியை இழக்கும். இங்கே பி.டி.ஓ.வில் 25 கொடுத்த வண்டி அங்கே 21 கொடுக்கும். ஐந்தடி ஸ்லேஷர் கேட்பதோ 25. இங்கேயே விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த ஜோடி அது. அங்கே நாலு எச்.பி. பற்றாக்குறை. காற்று குறைந்த இடத்தில் டீசலைக் கூட்டினால் எரியாத டீசல்தான் புகையாக வரும், என்ஜினும் கொதிக்கும். நான் சொன்னது இவ்வளவுதான்: பம்பில் யாரும் கை வைக்கவேண்டாம், ஸ்லேஷரை உயர்த்தி முதல் ஓட்டம், இறக்கி இரண்டாம் ஓட்டம், இரண்டும் முதல் கியரில். புகை நின்றுவிட்டது. மருமகன் இப்போதும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார். அதைத் திருப்பித் தராததுதான் மாமாவுக்கு இப்போதைய குறை.

தாத்தா காலத்துச் சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர், ஃபால்யாப்பி என்கிறோமே, அது இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளட்சை மிதித்தாலும் சுழல்கிற பிளேடின் வேகம் வண்டியை முன்னால் தள்ளும். வேலி வரைக்கும் தள்ளும். பிளேடின் வேகம் வண்டிக்குத் திரும்பாமல் தடுக்கிற ஓவர்ரன் கிளட்சை ஷாஃப்ட்டில் போடாமல் அதில் ஸ்லேஷர் கட்டாதீர்கள்.

540 என்றால் வினாடிக்கு ஒன்பது சுற்று. சேலைத் தலைப்போ ஜாக்கெட் கயிறோ மாட்டினால் வினாடிக்கு இரண்டு மீட்டர் துணியைச் சுருட்டிக்கொள்ளும். கையை இழுக்க நேரமே இருக்காது. ஷாஃப்ட்டின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஓடுகிற ஷாஃப்ட்டை யாரும் தாண்டக்கூடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் கையைக் காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கரும்பு எரிக்கிற மாதங்களில் சாம்பல் ஏர் ஃபில்டரை அடைத்துவிடும், சர்வீஸ் வரைக்கும் காத்திராமல் திறந்து பாருங்கள். ரேடியேட்டர் வலையையும் தட்டுங்கள். பாரம் மிஞ்சினால் வழுக்கிக் காப்பாற்றுகிற ஸ்லிப் கிளட்ச், கடல் காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். பல மாதம் சும்மா நின்ற வண்டியானால், ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் வழுக்கவிட்டு, பழைய அளவுக்கே மறுபடி முடுக்குங்கள்.

பி.டி.ஓ.வில் மாட்டி ஓட்டுகிற ஜெனரேட்டரைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்து வந்தேன். லோட்ஷெடிங் என்ற மின்வெட்டுக் காலத்தில் வாங்கிப் போட்டவர்கள் பலர். ஒரு கிலோவாட்டுக்கு பி.டி.ஓ.வில் இரண்டு எச்.பி. வேண்டும், 20 எச்.பி.க்குப் பத்து கிலோவாட்டுக்கு மேல் வாங்காதீர்கள். அதன் தகட்டில் எழுதியிருக்கிற வேகத்திலேயே ஓட்டினால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும், ஃபிரிட்ஜ் பிழைக்கும். வீட்டு லைனில் இணைப்பதை எலக்ட்ரீஷியன், தெரு லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் போட்டுத்தான் செய்யவேண்டும், இல்லாவிட்டால் தெருவில் கம்பி பழுதுபார்க்கிற ஆளுக்கு ஷாக் அடிக்கும். அவ்வளவுதான், பாட்டுக்கு நேரமாகிவிட்டதாம். வணக்கம்.